இரண்டு பக்கமும் அசையாத முகம்

போன மாதம் ஒரு மருத்துவக் கூட்டத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டுச் சால்வை போட்டு, முன் வரிசையில் உட்கார வைத்துவிட்டு மறந்துவிடுவார்களே, அந்த மாதிரிக் கூட்டம். பக்கத்து நாற்காலியில் இருந்த இளம் டாக்டர் ஒருவர் தன் கைப்பேசியில் ஒரு செயலியைக் காட்டினார். முகவாதம் வந்தவரின் முகத்தை அதற்குக் காட்டினால், இடப்பக்கத்தையும் வலப்பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்து, எவ்வளவு பாதிப்பு என்று மதிப்பெண் போட்டுவிடுமாம். என் முகத்தையே பிடித்துக் காட்டினார். சுருக்கங்களை மன்னித்து நல்ல மதிப்பெண் கொடுத்தது.

"மேடம், நீங்க பாஸ்" என்றார்.

"இரண்டு பக்கமும் செத்துப்போன முகத்தைக் காட்டினால் எவ்வளவு போடும்?" என்று கேட்டேன்.

பையன் கெட்டிக்காரன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். அதனால நூத்துக்கு நூறு போட்டுடும் மேடம்" என்றார். பிறகு, "அப்படி ஒரு கேஸ் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டார். பார்த்திருக்கிறேன். பார்த்ததிலிருந்து இன்றுவரை அந்த அதிர்ச்சி முழுதாக இறங்கவில்லை. மேடையில் யாரோ பேசிக்கொண்டிருந்ததால் அங்கே சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், கல்லூரியில் இங்கிலீஷ் என்று மூன்றையும் குழப்பிக்கொண்டு காது மூக்கு தொண்டை டாக்டர் ஆனேன். படித்த காலத்துக் கதை எல்லா டாக்டர்களுக்கும் ஒன்றுதான். தூக்கம் கெட்டது, திட்டு வாங்கியது, எப்படியோ தேறியது. அதைத் தாண்டிப் போகிறேன்.

உண்மையில் வேலை கற்றுக்கொண்டது விசுவநாதன் சாரிடம் சேர்ந்த பிறகுதான். அவர் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரஹாரத்துக்காரர். மண்டை உடைந்து முகவாதம் வந்தவர்களுக்கு நரம்பைத் திறந்து சரிசெய்யும் அறுவை சிகிச்சையில் எங்கள் பக்கத்தில் அவரைவிட்டால் ஆள் கிடையாது. முகத்தை அசைக்கும் நரம்பு மூளையிலிருந்து புறப்பட்டு, காதுக்குப் பின்னால் இருக்கும் எலும்புக்குள் ஒரு குறுகலான குழாய் வழியாக வளைந்து வளைந்து வெளியே வருகிறது. மண்டையில் அந்த இடம் விரிசல் விட்டால் நரம்பு நசுங்கும், அல்லது அறுந்துபோகும். அன்றோடு அந்தப் பக்கத்து முகம் நின்றுவிடும்.

சாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. யாருடைய முகத்தையும் முழுசாகப் பார்க்க மாட்டார். பழைய எக்ஸ்ரே உறையை வெட்டி ஒரு அட்டை வைத்திருப்பார். அதால் நோயாளியின் பாதி முகத்தை மறைத்துவிட்டு, தெரிகிற பாதியிடம் மட்டும் வேலை வாங்குவார். புருவத்தைத் தூக்கச் சொல்வார், கண்ணை மூடச் சொல்வார், பல்லைக் காட்டச் சொல்வார். பிறகு அட்டையை அடுத்த பாதிக்கு மாற்றி, முதலிலிருந்து அதே கேள்விகள். எங்களுக்கு இது கோமாளித்தனமாக இருக்கும். வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்டிருப்பது வாசலில் இருந்தே தெரிகிறது, இதற்கு எதற்கு அட்டை என்று முதுகுக்குப் பின்னால் சிரிப்போம். சாருக்கும் அது தெரியும்.

"ஒரு பக்கத்தை வெச்சுண்டு இன்னொரு பக்கத்தை அளக்கப்படாது, கேட்டியா சரோஜா? அளவுகோலே கோணலா இருந்தா என்ன பண்ணுவே?" என்பார்.

சோதனை முடிந்ததும் கோட்டுப் பையிலிருந்து ஆரஞ்சுச் சுளை மாதிரி இருக்கும் நாரங்கா மிட்டாய் ஒன்று எடுத்துக் கொடுப்பார். குழந்தைக்கும் உண்டு, மீசைக்காரருக்கும் உண்டு. வாயில் போட்டதும் உதடு எப்படி மூடுகிறது, எச்சில் எந்தப் பக்கம் ஒழுகுகிறது என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். மிட்டாய் கூட அவருக்கு ஒரு கருவிதான்.

அவருடைய முதல் கேள்வியும் எப்போதும் ஒன்றுதான். முகம் அடிபட்ட அந்த நிமிஷமே நின்றதா, இல்லை பிற்பாடு மெல்ல நின்றதா? பிற்பாடு நின்றால் நரம்பு வீங்கியிருக்கிறது, மருந்திலேயே பெரும்பாலும் திரும்பிவிடும். உடனே நின்றால் கவலைப்பட வேண்டும். இதன் மதிப்பை நான் சித்திரபுரத்துப் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது தெரிந்துகொண்டேன். ஜீப் கவிழ்ந்து காதில் ரத்தம் வந்த ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார்கள். வாய் காது வரைக்கும் இழுத்துக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் அறுத்தாவது சரி பண்ணுங்கள் என்று காலில் விழாத குறை.

"எப்போ இந்த மாதிரி ஆச்சு?" என்று அவளுடைய அக்காவிடம் கேட்டேன்.

"நேத்துத்தான் டாக்டர். அடிபட்ட அன்னைக்கு நல்லாத்தான் பேசிக்கிட்டு கெடந்தா. டிரைவர வஞ்சுக்கிட்டே இருந்தா. வாய் கோணியிருந்தா அப்பிடி வைய முடியுமா?"

அந்த வசவு அவளைக் கத்தியிலிருந்து காப்பாற்றியது. மாத்திரை கொடுத்தோம். கொஞ்ச நாளில் முகம் திரும்பியது. திரும்பிய வாயால் என்னையும் நாலு வார்த்தை வைதாள், மாத்திரை வயிற்றைப் புரட்டுகிறது என்று.

இனி கனகராஜ் கதைக்கு வருகிறேன்.

அன்று வெளிநோயாளிப் பிரிவில் கூட்டம் நெரிந்தது. ஒரு ஆள் தனியாக வந்து நின்றார். முப்பத்தைந்து வயது இருக்கும். கறுப்புக் கண்ணாடி, தோளில் துண்டு, அந்தத் துண்டின் நுனியால் வாயோரம் ஒழுகும் எச்சிலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பேச்சு குழறியது. சீட்டு எழுதிய சிஸ்டர் என் காதில் வந்து, ஆள் காலையிலேயே குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்று கிசுகிசுத்தார். எனக்கு வாடை எதுவும் வரவில்லை. மூக்கு டாக்டரிடம் அதைச் சொன்னால் செல்லாது.

வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் ஒரு கறவை மாடு பிடித்து டெம்போவில் ஏற்றி அனுப்பிவிட்டு, இவரும் மனைவி சாந்தாமணியும் பைக்கில் பின்னால் வந்திருக்கிறார்கள். தேங்காய் ஏற்றிய டிராக்டர் ஒன்று திடீரென்று திரும்பியிருக்கிறது. அந்த அம்மாள் அங்கேயே போய்விட்டார். இவர் தலை டிராக்டருக்கும் பாலத்துக் கட்டைச் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் நினைவில்லாமல் கிடந்து, பிழைத்து, வீட்டுக்கு வந்துவிட்டார். இப்போது காது அடைத்த மாதிரி இருக்கிறது, கண் எரிகிறது, அதற்காக வந்தேன் என்றார்.

கண்ணாடியைக் கழற்றச் சொன்னேன். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. முகம் சீராக, ஒரு கோணல் கூட இல்லாமல் இருந்தது. மெழுகி வைத்த சுவர் மாதிரி ஒரு முகம். மனைவி செத்ததைச் சொன்னபோதும் அதே முகம்தான். எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகக் கூட இருந்தது.

"கண்ணை மூடுங்க" என்றேன்.

"மூடிட்டனுங்க."

மூடவில்லை. இமைகள் அப்படியே திறந்திருந்தன. உள்ளே கருவிழி மட்டும் மேலே ஏறிப்போய், இரண்டு கண்ணிலும் வெறும் வெள்ளை தெரிந்தது.

"நல்லா இறுக்கி மூடுங்க."

"மூடித்தானுங்க இருக்கறேன். வெளிச்சம் மட்டும் போகமாட்டேங்குது."

எழுந்தே நின்றுவிட்டேன். புருவத்தைத் தூக்கச் சொன்னேன், சிரிக்கச் சொன்னேன், கன்னத்தை உப்பச் சொன்னேன். ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பக்கத்து மண்டையும் உடைந்து, இரண்டு பக்கத்து நரம்பும் போய்விட்டிருந்தது. இடதும் வலதும் சேர்ந்து செத்ததால் கோணல் இல்லை. கோணல் இல்லாததால் யாருக்கும் தெரியவில்லை. உயிரைக் காப்பாற்றியவர்கள், தையல் பிரித்தவர்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தவர் என்று எத்தனை பேர் இந்த முகத்தைப் பார்த்திருப்பார்கள். அத்தனை பேரும் அதிர்ச்சியில் உறைந்துபோன மனிதன் என்று நினைத்துக் கடந்துபோயிருக்கிறார்கள்.

சாரை அழைத்து வந்தேன். அவர் வழக்கம்போல் அட்டையை எடுத்து வலப்பாதியை மறைத்தார். பிறகு இடப்பாதியை மறைத்தார். பிறகு அட்டையைக் கீழே வைத்துவிட்டார். அன்று அந்த அட்டையைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை.

"கண்ணீர் பேப்பர் கொண்டா" என்றார்.

அது ஒரு சின்னச் சோதனை. வடிதாளை விரல் நீளத்துக்குப் பட்டையாக வெட்டி, நுனியை மடித்து, கீழ் இமைக்குள் தொங்கவிடுவோம். சும்மா இருந்தாலே கண்ணில் ஊறும் நீர் அதில் கீழ்நோக்கி நனைந்து வரும். முக நரம்பு எலும்புக்குள் முதலில் திரும்பும் முடுக்கில்தான் கண்ணீர்ச் சுரப்பிக்குப் போகும் கிளை பிரிகிறது. தாள் நனையாவிட்டால் அடி அந்த முடுக்கில் என்று அர்த்தம்.

இரண்டு கண்ணிலும் தாளைத் தொங்கவிட்டோம். தாள் இருக்கும்போது சும்மா உட்கார வைத்தால் பயப்படுவார்கள் என்று சார் எதையாவது பேச்சுக் கொடுப்பார்.

"ஆத்துல யாரெல்லாம் இருக்கா?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். கனகராஜ் சொல்ல ஆரம்பித்தார். உதடு சேராததால் ப, ம வரும் இடங்களில் காற்றுத்தான் வந்தது. அப்போதெல்லாம் இரண்டு விரலால் தன் உதடுகளைப் பிடித்துச் சேர்த்துவிட்டுச் சொன்னார்.

"பாப்பா ஒண்ணு இருக்குதுங்க. மூணு வயசு. இப்ப மச்சான் ஊட்டுல இருக்குதுங்க. கருமாதிக்கு அவ பொறந்த ஊட்டுக்காரங்க எல்லாம் வந்தாங்க. மச்சான் என் கையப் புடிச்சிட்டு, எந்தங்கச்சி போயிட்டாளே மாப்ளன்னு கதறுனாருங்க. எனக்கு உள்ள அறுக்குதுங்க. ஆனா ஒரு சொட்டுத் தண்ணி வரலீங்க. மூஞ்சி அப்புடியே நின்னுக்குச்சு. கல்லு மாதிரி நிக்கறான் பாரு, குடிச்சுப்போட்டு வண்டி ஓட்டி எம் புள்ளயக் கொன்னுபோட்டு, இன்னைக்கும் குடிச்சுப்போட்டு வாயில எச்சி ஒழுக நிக்கறான் பாருன்னு மாமியா மண்ண வாரித் தூத்துனாங்க. நான் குடிக்கறதே இல்லீங்க."

அவர் தோள் குலுங்கியது. நெஞ்சிலிருந்து ஒரு கேவல் வந்தது, மறுபடி ஒன்று வந்தது. முகம் மட்டும் சற்றும் அசையாமல், கண்கள் திறந்தபடி, எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டே இருந்தது.

"பாப்பா என்னையப் பாத்தா வீல்னு கத்துதுங்க. அப்பன் சிரிக்க மாட்டேங்கறான்னு பயம். ஒரு சொட்டுக் கண்ணுத்தண்ணி உடாத ஆளுகிட்டப் புள்ளய உட முடியாதுன்னு மச்சான் தூக்கிட்டுப் போயிட்டாருங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இப்ப எனக்கே சந்தேகம் வந்துருச்சுங்க சார். அவ செத்ததுக்கு நான் நெசமா வருத்தப்படலியோன்னு. இல்லாட்டி ஏனுங்க வராம இருக்கோணும்?"

சார் தாளை எடுத்தார். இரண்டும் நுனிவரை காய்ந்திருந்தன. ஒரு மனிதன் என் கண்ணெதிரே அடிவயிற்றிலிருந்து அழுது முடித்திருக்கிறான், அந்தத் தாளில் ஈரம் இல்லை. சார் அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு, நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க அழறேள். நான் பார்த்தேன். தண்ணி வர்ற வழி உடைஞ்சு போயிருக்கு. அது மண்டை எலும்போட தப்பாக்கும், உங்க தப்பு இல்லை" என்றார்.

கனகராஜ் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

ஸ்கேனில் இரண்டு பக்கமும் விரிசல் அந்த முடுக்கின் மேலேயே ஓடியது. மின்சாரத்தால் நரம்பைத் தூண்டிப் பார்த்தோம், பதில் இல்லை. ஏற்கனவே ஒரு மாதத்துக்கு மேல் வீணாகியிருந்தது. இன்னும் தள்ளிப்போட்டால் தசைகள் வேலையை மறந்துவிடும். கண் மூடாததால் கருவிழி காய்ந்து பார்வையே போகும் அபாயம் வேறு. எனக்கு ஆத்திரம் தாளவில்லை. அந்த மச்சானுக்கு நானே போன் போட்டு வரச் சொன்னேன்.

தங்கவேல் வந்தார். வாட்டசாட்டமான ஆள், மரியாதையான ஆள். ஸ்கேனைக் காட்டினேன், தாளைக் காட்டினேன், எங்கள் ஊர்த் தமிழிலேயே நிதானமாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மூஞ்சிக்கு நரம்பு போயிருச்சுன்னா ஒத்துக்கறனுங்க டாக்டரம்மா. கண்ணுத்தண்ணி மனசுல இருந்து வர்றதுங்க. அதுக்கு ஏனுங்க நரம்பு? நீங்க படிச்சவங்க, காயிதத்தக் காட்டறீங்க. எங்கம்மா அவன் மூஞ்சியப் பாத்துட்டா."

ஸ்கேனை உறைக்குள் போட்டு வைத்தேன். அவர் கெட்டவர் இல்லை, தங்கையை இழந்தவர். எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் கையைப் பிடித்து அழாத ஆளை யாரும் மறப்பதில்லை. அந்த வழக்கத்தில் வளர்ந்தவள்தான் நானும்.

முதலில் வலப்பக்கம் செய்தோம். காதுக்குப் பின்னால் வளைவாகக் கீறி, தோலையும் தசையையும் ஒதுக்கி, எலும்பைத் துளைக்கும் கருவியால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து உள்ளே போக வேண்டும். கருவி சுற்றும் சூட்டிலேயே நரம்பு வெந்துவிடும் என்பதால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் விடுவது என் வேலை. நிறுத்தினால் சார் திட்ட மாட்டார். கருவியைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றுவிடுவார். அந்த மௌனத்துக்குத் திட்டே மேல்.

காதுக்குள் ஒலியைக் கடத்தும் சின்ன எலும்புகளைத் தாண்டி, நரம்புக் குழாயின் சுவர் முட்டை ஓடு அளவுக்கு மெலிந்ததும் சார் கருவியை வைத்துவிட்டார். மிச்சத்தை ஒரு சின்னக் கொக்கியால் கையாலேயே பெயர்ப்பார். அந்தக் கடைசி ஓட்டை இயந்திரத்திடம் கொடுக்கக் கூடாது என்பது அவருடைய விதி. ஓடு வந்தது. அந்த முடுக்கில், நொய்யரிசி அளவுக்கு ஒரு எலும்புச் சில்லு நரம்புக்குள் குத்திக்கொண்டு நின்றது. நரம்பு கன்றிப்போய் வீங்கியிருந்தது. அவ்வளவு சின்னதுதான். ஒரு மனிதனின் சிரிப்பையும் அழுகையையும் அது நிறுத்தி வைத்திருந்தது. சார் அதை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். பிறகு நரம்பின் மேலுறையை நீளவாக்கில் கீறிவிட்டார்.

"அறுபடலை. இந்தப் பக்கம் பேசும்" என்றார்.

சில வாரம் கழித்து இடப்பக்கம் திறந்தபோது அந்த நம்பிக்கை இல்லை. நரம்பு இரண்டு துண்டாக அறுந்து, நடுவே இடைவெளியோடு கிடந்தது. கழுத்திலிருந்து உணர்ச்சி நரம்பு ஒன்றில் ஒரு துண்டு எடுத்து, அந்த இடைவெளியில் வைத்து இணைத்தோம். அதனால் காது மடல் மரத்துப்போகும், அது பெரிய நஷ்டம் இல்லை. ஆனால் ஒட்டுப்போட்ட நரம்பு வளரும்போது எந்த இழை எங்கே போய்ச் சேரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வாய்க்குப் போக வேண்டியது கண்ணுக்குப் போகலாம். இதைச் சார் கனகராஜிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். "எங்கியோ ஒரு எடத்துல அசைஞ்சாப் போதுமுங்க, பாப்பா பயப்படாம இருக்கோணும்" என்றுதான் அவர் சொன்னார்.

பிறகு காத்திருப்பு. கண்ணுக்கு மருந்து, தூங்கும்போது இமைக்கு ஒட்டுப் பட்டை, முகத்துக்குப் பயிற்சி. பல மாதம் ஒன்றும் இல்லை. ஒரு நாள் வந்து உட்கார்ந்து, சார் அட்டையை எடுப்பதற்குள், வலது வாயோரம் லேசாகத் துடித்தது. எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அப்புறம் வலது கண் மூடியது. விரல் வைக்காமல் "பாப்பா" என்றார். இடப்பக்கம் சோம்பேறித்தனமாக, பின்னாலேயே கொஞ்சம் வந்தது. அப்போதும் குழந்தை மாமன் வீட்டில்தான் இருந்தது. சந்தை நாளில் அதைத் தூக்கி வரும்போது தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போவேன் என்று ஒருமுறை சொன்னார்.

அதன்பின் கொஞ்ச காலம் அவர் வரவில்லை. வந்தபோது கூடத் தங்கவேல் வந்தார். தங்கவேலின் தோளில் குழந்தை. கையில் ஒரு பை நிறைய இளநீர். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"வருசத் தெவசத்துக்கு முறைக்காகக் கூப்புட்டோமுங்க" என்று தங்கவேல்தான் பேசினார். "எல்லாரும் சாப்பாட்டுக்கு உக்காந்தோம். மாப்ள மொதல் வாய் எடுத்து வெச்சாருங்க. வெச்சதும் ரெண்டு கண்ணுலயும் பொலபொலன்னு ஊத்துச்சுங்க. தொடைக்கத் தொடைக்க வருது. பொம்பளைக எல்லாம் வாய்விட்டு அழுதுட்டாங்க. எங்கம்மாளே எந்திரிச்சு வந்து, அவ கைச்சோறு நெனப்பு வந்துருச்சா சாமீன்னு தலையத் தடவுனா. அன்னைக்கே புள்ளயக் குடுத்துட்டோமுங்க." இளநீர்ப் பையை மேஜை ஓரம் வைத்தார். "நீங்க காயிதத்தக் காட்டுனப்போ நான் நம்பலீங்க டாக்டரம்மா. இப்பக் கண்ணால பாத்துட்டேன்."

நான் சாரைப் பார்த்தேன். சார் என்னைப் பார்த்தார். அது என்ன கண்ணீர் என்று எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது. சார் வாயைத் திறந்தார். நோயாளியிடம் பொய் சொல்லாதவர், அரை உண்மையும் சொல்லாதவர். இவர் இப்போது சொன்னால் குழந்தை திரும்பவும் போய்விடுமே என்று பயந்தேன். ஆனால் அவர், "மச்சான்காரர் கொழந்தையோட வெளியில கொஞ்சம் காத்தாட நில்லுங்கோ. நான் இவரைப் பரிசோதிக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

கதவு சாத்தியதும் பையிலிருந்து ஒரு நாரங்கா மிட்டாயை எடுத்துக் கனகராஜிடம் கொடுத்தார். கனகராஜ் வாயில் போட்டுக்கொண்டார். ஒரு நிமிஷம் ஆகவில்லை. இடது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. பிறகு வலது கண்ணும் நிறைந்தது.

"எப்போ சாப்பிட்டாலும் இப்படி வரதா?"

"ஆமுங்க. தெவசத்துக்குக் கொஞ்ச நாள் முந்தித்தான் ஆரம்பிச்சுதுங்க. சோறு உங்கும்போது வரும். அவளோட உக்காந்து உண்ட நெனப்புன்னு இருந்தனுங்க."

சார் மெதுவாக விளக்கினார். வாயில் எச்சில் ஊறச் சொல்லும் இழைகள், வளரும்போது வழி தவறிப்போய்க் கண்ணீர்ச் சுரப்பியில் சேர்ந்துவிட்டன. அதனால் எதைத் தின்றாலும் கண்ணில் நீர் வரும். நரம்பு வளர்ந்த கோளாறு, வேறொன்றும் இல்லை.

கனகராஜ் மிட்டாயை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். கண்ணீர் நிற்காமல் வந்துகொண்டே இருந்தது.

"அப்ப இது அவளுக்கு வந்தது இல்லீங்களா?" என்று கேட்டார்.

இத்தனை வருஷத் தொழிலில் என்னை இவ்வளவு உலுக்கிய கேள்வி வேறு இல்லை. ஊர்க்காரர்களைப் போலவே அவரும் நம்பியிருக்கிறார். ஒரு வருஷம் கழித்தாவது அவளுக்காக அழுதுவிட்டோம் என்று நினைத்து ஆறியிருக்கிறார். அதை நாங்கள் ஒரு மிட்டாயைக் கொடுத்துப் பிடுங்கிவிட்டோம். அவர் நெஞ்சு வெடிக்க அழுதபோது தாள் காய்ந்திருந்தது, யாரும் நம்பவில்லை. இப்போது சோற்றுக்கு வந்த நீரை ஊரே நம்பிவிட்டது. சாரும் ஆடிப்போய்த்தான் இருந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவாளுக்கு வந்தது அன்னிக்கு இந்த நாற்காலியில வந்ததாக்கும். நானும் இவளும் சாட்சி" என்றார்.

கனகராஜ் தலையை ஆட்டினார். பிறகு, "மச்சானுக்குச் சொல்லோணுங்களா?" என்று கேட்டார்.

"உங்க நோயை உங்ககிட்டச் சொல்றது என் கடமை. வேற யார்கிட்டேயும் சொல்ல எனக்கு உரிமையில்லை" என்றார் சார். பிறகு என் பக்கம் திரும்பினார். மிச்சத்தை நான் சொல்ல வேண்டும் என்று அர்த்தம்.

"இதுக்கு ஊசி இருக்குதுங்க" என்றேன். "கண்ணீர்ச் சுரப்பியில போட்டா நின்னுக்கும். அப்பப்போ வந்து போட்டுக்கோணும். உங்களுக்குத் தொந்தரவா இருந்தா."

அவர் பதில் சொல்வதற்குள் கதவு திறந்தது. குழந்தை மாமன் தோளில் இருக்க முடியாமல் இறங்கி ஓடிவந்து அப்பன் மடியில் ஏறிக்கொண்டது. பின்னாலேயே தங்கவேலும் வந்து நின்றார். குழந்தை அப்பன் முகத்தை அண்ணாந்து பார்த்தது. பயப்படவில்லை. தன் கவுன் நுனியைத் தூக்கி, இடது கண்ணைத் துடைத்தது, வலது கண்ணைத் துடைத்தது. தினமும் செய்கிற வேலை போல, அவசரமே இல்லாமல் துடைத்தது.

"அப்பா சோறு உங்கறப்பெல்லாம் அழுகும்" என்று எங்களிடம் சொன்னது. "நாந்தான் தொடச்சு உடுவேன்."

தங்கவேல் ஜன்னல் பக்கம் திரும்பித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கையில் இருந்த சீட்டில் ஊசி என்று எழுத ஆரம்பித்திருந்தேன். கனகராஜ் என் கையைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் வலது பக்கம் சிரித்தது.

"அது வேண்டாமுங்க" என்றார்.